சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்துப் பார்

மயக்கவியல் பயிற்சியில் எங்கள் மூத்த மருத்துவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "மருந்தைத் தள்ளும் முன் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்துப் பார். இரத்தம் வந்தால் நிறுத்து." ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் தவறியும் இரத்தக் குழாய்க்குள் போய்விடக் கூடாது. அந்தப் பயம் கையிலேயே ஊறிப்போனது. அதனால் குடல் அறுவை சிகிச்சை ஒன்றில் வலியைக் குறைக்க அதே லிக்னோகைனைச் சிரை வழியே வேண்டுமென்றே ஏற்றச் சொன்னபோது, பம்ப்பை முடுக்கக் கை வரவில்லை.

இத்தனைக்கும் இதயத் துடிப்பு தாறுமாறானால் இதையே நரம்பில் போடுவது பழைய பழக்கம். (இரத்தக் குழாயையும் பேச்சில் நரம்பு என்கிறோம். எங்கள் துறையில் அது படுத்தும் பாடு தனிக்கதை.) எல்லாம் அளவில் இருக்கிறது. 2021-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல்படி, முதலில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மிகாமல் பத்து நிமிடத்தில். அப்புறம் மணிக்குக் கிலோவுக்கு அதே 1.5, ஆனால் மொத்தம் மணிக்கு 120 மில்லிகிராமைத் தாண்டாமல். 24 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எடை என்பது தராசு காட்டுவது அல்ல, உயரத்துக்கு ஏற்ற எடை.

அந்தக் கடைசி வரியில்தான் ஒருமுறை சறுக்கினேன். நல்ல பருமனான பெரியவர். இரவு அவரைப் பார்க்கப் போனபோது, "டாக்டர், வாயில இரும்பை வச்ச மாதிரி இருக்கு" என்றார். உதட்டைச் சுற்றி மரத்திருந்தது, காதில் ரீங்காரம். உடனே பம்ப்பை நிறுத்தினேன். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்தது வலிப்பாக இருந்திருக்கலாம், இதயமே நின்றிருக்கலாம். விஷமுறிவுக்கான 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேவைப்படவில்லை; மெல்ல மெல்ல எல்லாம் தெளிந்தது. பம்ப்பில் நான் போட்டிருந்தது தராசு எடை.

இந்த மருந்து மாயமா என்றால், இல்லை. வலிக்கான மார்ஃபினின் தேவை குறைகிறது, குடல் சீக்கிரம் அசைகிறது என்று சில ஆய்வுகள் சொல்லின. 2018-இல், ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பு, பலன் உறுதியில்லை என்றது. எனக்குத் தெரிந்து சிலர் மறுநாளே எழுந்து நடந்தார்கள், சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எபிடியூரல் (முதுகில் மெல்லிய குழாய் வழியே வலிமருந்து செலுத்துவது) போட முடியாதவர்களுக்கு யோசித்துப் பார்க்கலாம் என்பதே என் நிலை. அதுவும் பக்கத்தில் இருந்து கேட்க ஆள் இருந்தால் மட்டும்: நாக்கில் வேறு சுவை தெரிகிறதா, உதடு மரக்கிறதா, காதில் ஏதும் கேட்கிறதா? தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தானாக இதையெல்லாம் சொல்லமாட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெரியவரிடம் போய், "ஐயா, வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"நாக்கு நல்லா இருக்கு டாக்டர்" என்றார். அப்புறம் யோசித்து, "வலியா? இருமினா மட்டும்தான்."