ஒரு புங்க மரத்தோடு ஒரு வருஷம்

போன ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில், இஸ்திரி வண்டிக்கு மேல் கவிந்து நிற்கிற புங்க மரம்தான் நான் எடுத்துக்கொண்ட மரம். சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் 2010 முதல் நடக்கிறது. ஒரு மரத்தை வாரம் ஒரு தடவை பார்த்து, தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய் எல்லாம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாகச் செய்கிறார்கள்.

நான் இதில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கோவில்பட்டி பக்கம் என்றுதான் வாயில் வரும். அங்கே வீட்டு வாசலில் ஒரு வேம்பு. அதன் வருஷத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தானாகத் தெரியும். மாசியில் உதிரும். பங்குனியில் செந்தளிர். சித்திரையில் பூக்கும்போது பச்சடிக்காக அம்மா பழைய சேலையை மரத்தடியில் விரித்து வைப்பாள். ஆனியில் பழம் உதிர்ந்ததும் முத்துப் பொறுக்கிக் கடையில் போட்டு, அந்தக் காசில் ஐஸ் வாங்கித் தின்போம். சென்னையில் எந்த மரம் அடுத்த மாசம் என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஜனவரி முழுக்க ஒரே வரிதான்: முற்றிய இலை, நிறைய. பிப்ரவரி நடுவில் மஞ்சள் தட்டியது. அப்புறம் வேகம். இஸ்திரி அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்கினார். இலை போனதும், தட்டையான பழுப்புக் காய்கள் கிளை முழுக்கத் தெரிந்தன. பூவே பார்க்காமல் காய் எப்படி வந்தது என்று குழம்பி, அந்த வாரம் எதையும் குறிக்காமல் விட்டுவிட்டேன். அவர்தான் சொன்னார்: “அது போன வருஷத்து காய் சார். முத்துறதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆவும்.” பதினெட்டு வருஷமாக அந்த நிழலில் நிற்கிறவர். நான் நோட்டில் எழுத ஆரம்பித்ததை அவர் எப்போதோ படித்து முடித்திருந்தார்.

மார்ச்சில் தளிர் வந்தது. தாழ்ந்திருந்த கிளை ஒன்றை இழுத்துப் பார்த்தேன். ஒரு காம்பில் ஏழு இலை, நுனியில் இருப்பது மட்டும் கொஞ்சம் பெரிசு. செம்பு நிறத்தில், எண்ணெய் தடவிவிட்டது போல மினுமினுப்பு. தொட்டால் ஈரத்துணி போலத் தளர்ந்து தொங்கியது. அடுத்த ஞாயிறு மரம் மொத்தமும் கிளிப்பச்சை. இதே வழியாகப் பத்து மார்ச் மாசம் வேலைக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

ஏப்ரலில் பூ. பட்டாணிப் பூ மாதிரி, நகம் அளவுதான்; வெள்ளையில் லேசாக ஊதா ஓடியிருக்கும், அடியில் கருஞ்சிவப்பில் குட்டிக் கிண்ணம். காலையில் மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். கீழே பொரி இறைத்தது போலக் கிடந்தது. சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பொரி என்றுதான் பாடியிருக்கிறார்கள். அந்த நடைபாதையில் நின்றால் வேறு வார்த்தை தோன்றாது. “பூ கொட்டுற மாசத்துல மட்டும் காலைல பெருக்க மாட்டேன் சார், மனசு வராது” என்றார் அண்ணன்.

அந்த வாரம்தான் அம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். அவள் உடனே வாசலுக்குப் போய் வேம்பைப் பார்த்துச் சொன்னாள்: “எய்யா, பூ நிறையன்னு போட்டுக்கோ.” அன்றிலிருந்து இரண்டு மரம். அவள் பார்த்துச் சொல்வதைத் தனி நோட்டில் எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் வேம்பு நிலவரம் வந்துவிடுகிறது.

நடுவில் சில மாசங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜூலையில் இலைகளின் மேல் குட்டி விரல்கள் போல முடிச்சுகள் முளைத்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் வேலை, மரத்துக்கு ஆபத்தில்லை. ஆகஸ்டில் கம்பியில் உரசுகிறது என்று யாரோ வந்து தெருப்பக்கக் கிளையை வெட்டிப் போட்டார்கள். தாழ்ந்து வந்து எனக்குத் தளிர் காட்டிய கிளை அது. வெட்டுவாயில் பால் மாதிரி எதுவும் வடியவில்லை, வெறும் வெளிர் மஞ்சள் கட்டை. அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை.

டிசம்பரில் ஓர் இரவு முழுக்கக் காற்றும் மழையும். விடிந்ததும் குடைகூட எடுக்காமல் தெருமுனைக்கு ஓடினேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப் போன பிறகும் இதே தெருவில் நடந்தேன். அன்று விழுந்த மரங்களைத்தான் எண்ணினேன், நின்றவற்றைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை மரம் நின்றது. கணுக்கால் தண்ணீரில் பச்சைக் காய்கள் சில மிதந்தன. இரண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது மறுபடி பிப்ரவரி. ஊரில் வேம்பின் இலை பழுக்கத் தொடங்கிவிட்டதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ‘பழுத்த இலை, கொஞ்சம்’ என்று இப்போதே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். மேலே பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார்.