படச் சட்டத்துக்கு வெளியே போனவர்கள்

வரலாற்றுப் பாடநூல்களுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குக் கீழே குறிப்பு எழுதுவது என் வேலை. பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்து பாடம் என்றால் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியம் கண்டிப்பாக இருக்கும். ‘ஊரைக் காக்கப் புறப்படும் வீரர்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ரெம்பிராண்ட் இதை வரைந்து முடித்த 1642இல் ஸ்பெயினோடு போர் ஓயவில்லை. ஆனால் களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த சிப்பாய்கள். படத்தில் இருப்பது ஆம்ஸ்டர்டாமின் குடிமக்கள் காவல் படை. அதற்கு ரோந்தும் ஊர்வலமும் விருந்தும்தான் முக்கிய வேலை. கேப்டன் பதவி நகரை ஆண்ட பணக்காரக் குடும்பங்களுக்கே போனது. படத்தின் நடுவில் கருப்பு உடையில் நிற்கும் கேப்டன் பான்னிங்க் கோக் 1650இல் நகர மேயராகவும் ஆனார்.

அவருடைய கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் நிழல் பக்கத்தில் நிற்கும் லெஃப்டினன்டின் மஞ்சள் உடையில் விழுகிறது. விழும் இடத்தில், சரிகை வேலைப்பாட்டில், ஆம்ஸ்டர்டாமின் சின்னமான மூன்று சிலுவைகளை ஒரு சிங்கம் ஏந்தியிருக்கிறது. நகரமே கேப்டனின் விரல்களுக்குள் இருப்பது போலத் தெரியும். ரெம்பிராண்ட் இதைத் தற்செயலாக விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

படத்தில் இடம்பிடிக்கக் காவல் படையினர் ஆளுக்குச் சராசரியாக 100 கில்டர் (அந்நாளைய டச்சு நாணயம்) கொடுத்திருக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். மேளக்காரர் மட்டும் வாடகைக்கு வந்தவர், அவர் பணம் கொடுக்கவில்லை. ஹார்லெம் நகரின் காவல் படையை ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஓவியர் 1616இல் வரைந்த விருந்துப் படத்தில் சாதாரணக் காவலர்களே இல்லை. மேசையைச் சுற்றி அதிகாரிகள்தான்.

பக்கம் வடிவமைக்கும்போது எப்போதும் ஒரு வாக்குவாதம் வரும். இடம் போதவில்லை, ஓரத்தை வெட்டலாமா என்பார்கள். 1715இல் இந்த ஓவியத்துக்கே அதுதான் நடந்தது. நகர மண்டபத்தின் சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் நறுக்கினார்கள். இடது பக்கம் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர் போனது, அதோடு இரண்டு ஆட்களும் போனார்கள். லுண்டென்ஸ் என்ற ஓவியர் அதற்கு முன்பே சிறிய அளவில் ஒரு நகல் எடுத்திருந்ததால்தான் அவர்கள் அங்கே நின்றது நமக்குத் தெரிகிறது. வெட்டுப்பட்ட பகுதிகளை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2021இல் கணினி உதவியால் மறுஉருவாக்கம் செய்தது. நான் லுண்டென்ஸின் நகலையும் சேர்த்தே அச்சிடக் கேட்கிறேன். அதற்காக ஒரு பத்தியைக் குறைக்க வேண்டி வந்தாலும் சரி.

அப்புறம், ஸ்பெயினோடான போரை முடித்த 1648 சமாதான உடன்படிக்கைப் பாடத்துக்கு, ஓவியர் வான் டெர் ஹெல்ஸ்ட் வரைந்த காவல் படை விருந்து ஓவியத்தை வைத்திருக்கிறேன். கேப்டன் ஒரு கையில் வெள்ளிக் கொம்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லெஃப்டினன்டின் கையைக் குலுக்குகிறார். போரில் செத்த சிப்பாய்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் அவர்களும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.