ரஷ்யத்தில் கேஸ் சொல்லப் போகிறவர்களுக்கு: நெடும் பெயரடைகள் காலை வாரும் இடங்கள்

பேராசிரியர் முன் ஒரு நோயாளியின் கேஸை முழுக்க ரஷ்ய மொழியில் சொல்லி முடித்தாயிற்று. நிம்மதிதான். ஆனாலும் மொழித் துறையில் கொடுத்த அந்த ஜெராக்ஸ் கட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பக்கம் பக்கமாக மருத்துவப் பெயரடைகள், அகர வரிசையில். ஒன்றில்கூட அழுத்தக் குறி (எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று காட்டும் குறி) இல்லை, ‘யோ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இல்லை. இந்த இரண்டும் இல்லாத தாளை மனப்பாடம் செய்யாதீர்கள். தப்பாகப் பதிந்ததை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். முதலில் கிராமொத்தா.ரு (gramota.ru) என்ற ரஷ்ய அகராதித் தளத்தில் ஒவ்வொரு சொல்லையும் தேடி, பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலை போகும், போகட்டும்.

வேர்ச்சொற்கள் பிரச்சினையே இல்லை. முதலாண்டு லத்தீன் வகுப்பிலேயே எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஏற்கெனவே தெரிந்த வேர் என்பதால்தான் வாய் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: ‘டாக்டர்’ என்று பழகிய நாக்கு எங்கும் ‘ட’ போடும். ரஷ்யத்தில் அது பல்லைத் தொடும் ஒலி: ‘தோக்தர்’. கார்டியோ அல்ல, ‘கர்திய’. நமக்கு ‘த’ பிறவியிலேயே இருக்கிறது, அதை எடுத்துப் போட்டாலே பாதி உச்சரிப்பு சரியாகிவிடும்.

அடுத்தது ‘ஹ’. ஹெபடைடிஸ், ஹீமோகுளோபின், ஹார்மோன் எல்லாமே ரஷ்ய அகரவரிசையின் நான்காவது எழுத்தில் தொடங்கும். ‘தங்கம்’ என்னும்போது வரும் க-வின் ஒலி அதற்கு. மாறாக, ஆங்கிலத்தில் க் என்று தொடங்கும் ‘க்ரானிக்’ ரஷ்யத்தில் ‘ஹ்ரனீச்சிஸ்கிய்’. ‘மகன்’ என்பதில் வரும் க-வைச் சற்று அழுத்தினால் அந்த ஒலி கிடைக்கும். ‘சிஸ்டைடிஸ்’, ‘செரிப்ரல்’ போன்றவற்றில் ஸ் என்று கேட்பது இங்கே ‘த்ஸ்’. கிரேக்கத்தின் ‘எவ்’ எழுத்தில் அப்படியே நிற்கும், ஆனால் பின்னால் த் வந்தால் ஃப் ஆகிவிடும்: தெரப்பியூட்டிக் என்பது ‘திரபிஃப்தீச்சிஸ்கிய்’. இதையெல்லாம் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். க, த, ப மூன்றும் இரட்டை ஒலிக்கு ஒரே எழுத்து என்பதால் மறுநாள் குழம்பும்.

நீளத்தைப் பார்த்து பயந்தால் சொல்லைப் பின்னாலிருந்து பிரியுங்கள். அழுத்தம் எங்கே என்பதை வால்தான் முடிவு செய்யும். ‘-ஈச்சிஸ்கிய்’ என்று முடிந்தால் அந்த ஈ மேல், எத்தனை வேர் முன்னால் தொங்கினாலும் சரி. ‘-ஆல்னிய்’, ‘-ஆர்னிய்’, ‘-ஓஸ்னிய்’ என்றால் அந்தந்த நெடில் மேல். இந்த விஷயத்தில் பெயர்ச்சொல்லைவிடப் பெயரடை எவ்வளவோ மேல். ஹிருர்கீய (அறுவை மருத்துவம்), கர்தியலோகிய (இதய மருத்துவம்) என்று பெயர்ச்சொல்லில் அழுத்தம் இடம் மாறும். பெயரடையில் இரண்டுக்கும் ‘-கீச்சிஸ்கிய்’தான்.

காது, மூக்கு, குரல்வளை மூன்றையும் கோத்த அந்தப் பிரபலமான சொல்லுக்கு 11 அசை. அழுத்தம் ஒன்பதாவதில். எழுதியபடி ஒவ்வொரு ‘ஓ’வையும் முழுசாக ஒலித்தால் எந்த நோயாளிக்கும் புரியாது. அழுத்தமில்லாத ஓ எல்லாம் அ-வாகத் தேயும்: ‘அத்தரினலரிங்கல-கீ-ச்சிஸ்கிய்’. முன்பாதியை வேகமாக உருட்டிவிட்டு ‘கீ’யில் நில்லுங்கள்.

இனி என்னைப் படுத்திய தொடர், நாள்பட்ட பித்தப்பைக் கல் அழற்சி. எந்த அறுவை வார்டிலும் இருக்கும் நோய். ‘இதற்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று சொன்னவுடன் தமிழில் ஆறாம் வேற்றுமை எனப்படும் உடைமை வேற்றுமைக்கு மாற வேண்டும்: ‘ஹ்ரனீச்சிஸ்கவ கல்குல்யோஸ்னவ ஹலித்ஸிஸ்தீத்த’. கேஸ் ஷீட்டில் முடிவு ‘-ஒகொ’ என்றுதான் எழுதியிருக்கும்; வாயில் அது ‘-அவ’. நடுச்சொல்லில் புள்ளி விடுபட்டிருக்கும், கண் ‘கல்குலேஸ்னி’ என்று படிக்கும். காசநோய்ப் பெயரடையும் இதே ‘-யோஸ்னிய்’ குடும்பம். ‘யோ’ இருந்தால் பெரும்பாலும் அழுத்தமும் அங்கேதான். ‘இதய-ரத்தநாள’ போல இணைகோடு போட்ட சொற்களில் கடைசிப் பகுதி மட்டுமே வேற்றுமை ஏற்கும்.

‘எ’ எழுத்துக்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தமனி (ஆர்ட்டரி), டெஸ்ட், ஸ்டென்ட் ஆகியவற்றில் அதற்கு முன்னுள்ள மெய் வன்மையாகவே நிற்கும். தெரபி, டயாபடீஸ் இரண்டிலும் குழைந்து ‘யெ’ சாயல் வரும். ரத்த அழுத்தத்தை நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருப்பதால் ‘அர்த்தெரியால்னயெ’வை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

உச்சரிப்பு சரியாகி, பொருளில் சறுக்குவது இன்னும் ஆபத்து. ரஷ்யத்தில் ‘அங்கீன’ என்றால் தொண்டை அழற்சி. ஆனால் ‘அங்கினோஸ்னய’ வலி என்றால் நெஞ்சுவலி, மாரடைப்பை நினைக்க வேண்டிய வலி! ‘கர்தியால்னிய்’ பகுதி என்றால் இரைப்பையின் மேல்வாய். ‘கிபிர்தனீச்சிஸ்கிய்’ நெருக்கடி என்றால் ரத்த அழுத்தம் எகிறிய நிலை, அதே சொல் கரைசலோடு வந்தால் 0.9 சதவீதத்தைவிட அடர்த்தியான உப்பு நீர்.

முன்சிறுகுடலுக்கு ‘துவதினால்னிய்’ என்ற இரவல் சொல் இருந்தாலும் அல்சர் கேஸில் ‘பன்னிரண்டு விரல் குடல்’ என்ற ரஷ்ய ஆக்கத்தையே எதிர்பார்ப்பார்கள்: ‘த்விநாத்ஸதிபேர்ஸ்னய’. எழுத்தில் ‘ஸ்’-க்கும் ‘ன’-வுக்கும் நடுவில் உள்ள த் ஒலிக்காது. வாய்ப்பேச்சில் ‘தெ-பெ-கா’ என்ற சுருக்கம் செல்லும், காது-மூக்கு-தொண்டைக்கு ‘லோர்’ போதும். நோய் வரலாற்றில் நோயறிதல் எழுதும் இடத்தில் மட்டும் முழுச் சொல்லையும் சரியான வேற்றுமையோடு எழுதுங்கள். அங்கே சுருக்கம் போட்டால் தாள் திரும்பி வரும்.