கிரேட் எண்ணும் கண்ணும் மூன்றாம் நாள் தீர்ந்த பேட்டரியும்

காவேரிப்பட்டினத்துக்கு அருகே எங்கள் மாமாவின் மாந்தோப்பு இருக்கிறது. அங்குள்ள கொட்டகை வரை மின்கம்பி இன்னும் வரவில்லை. பெங்களூரா மாங்காய் பறிக்கும் வாரங்களில், திண்ணை உயரத்தில் இருக்கும் அந்தக் கொட்டகையிலிருந்து காய் நிரப்பிய கிரேட்டுகளைப் பலகை மேல் வைத்து வண்டிக்குள் தள்ளிவிடுவார்கள். எத்தனை ஏறின என்பதற்கு மாமா சுவரில் இழுக்கும் கரிக்கோடுகளே கணக்கு. மண்டியில் ஒன்றிரண்டு குறைவதும், யார் கணக்கு சரி என்ற பேச்சு நீள்வதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். அதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று சென்ற பருவத்தில் பலகையின் ஓரத்தில், எதிரே பொருள் வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் உணரும் ஓர் அகச்சிவப்பு அருகாமை சென்சாரைப் பொருத்தினேன்.

முதலில் பொருத்தியது கடையில் கிடைக்கும் ஆயத்த மின்சுற்று அட்டைதான். அதில் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்றும், திரும்பி வரும் ஒளியைப் பெறும் டயோடு ஒன்றும், இரண்டுக்கும் பின்னால் வந்த ஒளி போதுமா என்று ஒப்பிட்டுச் சொல்லும் எல்எம்393 என்னும் சில்லும் இருக்கும். நன்றாகவே எண்ணியது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் மூச்சு விடவில்லை. மீட்டர் வைத்து அளந்தபோது எண்ணும் சில்லையும் சேர்த்து ஏறத்தாழ 45 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி அந்தக் கணக்கில் 55 மணி நேரம்தான் தாங்கும். கிரேட் வந்தாலும் வராவிட்டாலும், நள்ளிரவிலும் கூட, அந்த எல்.இ.டி. ஆளில்லாத பலகையைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்ததே காரணம்.

நம் கைபேசியில், காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கும் சென்சாரும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது விட்டு விட்டுத்தான் துடிக்கும். பெரும்பாலும் அழைப்பு நடக்கும்போது மட்டுமே வேலை செய்யும். என் கிரேட்டின் நீளம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். பலகையில் அது சென்சாரைக் கடக்க அரை வினாடியாவது ஆகிறது. ஆகவே வினாடிக்கு எட்டு முறை எட்டிப் பார்த்தாலே ஒரு கிரேட்டை நான்கு முறை பார்த்துவிடலாம். எண்ணும் வேலையைச் செய்யும் ஏடிமெகா328பி சில்லை இடையிடையே உறங்கவிட்டால், அதனுள் இருக்கும் காவல் கடிகாரம் 125 மில்லி வினாடிக்கு ஒருமுறை அதை எழுப்பிவிடும் என்பதால் இந்த எண்ணிக்கை எனக்குத் தோதாகவும் அமைந்தது. நான்கு முறையாகக் குறைத்தால் இன்னும் மிச்சமாகும். ஆனால் வேகமாகத் தள்ளப்பட்ட ஒரு கிரேட் நழுவிவிட்டால் பழைய சண்டையே மீண்டும் வரும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே நான் செய்த தவறு, எல்.இ.டி.யின் மின்னோட்டத்தைக் குறைத்ததுதான். 10 மில்லி ஆம்பியருக்கு இறக்கியதும் நிழலில் சரியாக இருந்த கணக்கு, பத்து மணி வெயில் பலகையில் விழுந்தவுடன் தாறுமாறானது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால், எல்.இ.டி.யை அணைத்து ஒருமுறையும் எரித்து ஒருமுறையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும்; ஆனாலும் வெயில் விட்டுச்செல்லும் இரைச்சல், அதாவது அளவில் வரும் தடுமாற்றம், போகாது. மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் திரும்பி வரும் ஒளியும் இருமடங்காகும், வெயிலின் இரைச்சலோ அப்படியே நிற்கும். மங்கிய துடிப்புகளைத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்து அதே தெளிவைப் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு துடிப்புகள் தேவைப்படும். ஆகவே மங்கலாக நெடுநேரம் எரிப்பதைவிடப் பளிச்சென்று நொடிப்பொழுது எரிப்பதே சிக்கனம். அதனால் துடிப்பை 100 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தி, அதைப் பேட்டரியிலிருந்து நேராகப் பிடுங்காமல், மின்னைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரிலிருந்து எடுத்தேன். 940 நானோமீட்டர் எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: அந்த அலைநீளத்தைக் காற்றிலுள்ள நீராவி ஓரளவு விழுங்கிவிடுவதால், தரைக்கு வந்து சேரும் வெயிலில் அது குறைவு.

துடிப்பின் நீளத்தில்தான் உண்மையான மிச்சம் கிடைத்தது. தொடக்கத்தில் 1 மில்லி வினாடி எரியவிட்டேன். வினாடிக்கு எட்டு துடிப்பு என்றால் சராசரி 800 மைக்ரோ ஆம்பியர். பிறகு சில்லின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற நூறு மைக்ரோ வினாடிக்கு மேல் ஆனாலும், அதன் மாதிரி எடுக்கப்படுவது தொடங்கிய 12 மைக்ரோ வினாடிக்குள்ளேயே என்பது தெரிந்தது. மாதிரி எடுத்தபின் எல்.இ.டி. எரிவதெல்லாம் வீண். பெறும் டயோடு நிலைப்படுவதற்கான நேரத்தையும் சேர்த்து 50 மைக்ரோ வினாடியில் நிறுத்தினேன். சராசரி 40 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கியது. அதற்கும் கீழே போனபோது டயோடு எழுவதற்குள் மாதிரி எடுக்கப்பட்டு, அளவு பொய் சொல்லத் தொடங்கியது.

அடுத்த மிச்சம் கைச்செலவில்லாமல் வந்தது. லாரிகளின் பின்புறம் ஒட்டும் ஒளிதிருப்பும் பட்டையில் ஒரு துண்டைப் பலகையின் எதிர்ப்புறச் சட்டத்தில் ஒட்டினேன். நீல கிரேட்டிலிருந்து சிதறி வரும் ஒளியைவிட, வந்த திசைக்கே ஒளியைத் திருப்பும் அந்தப் பட்டையிலிருந்து வருவது பலமடங்கு அதிகம். தர்க்கத்தை மட்டும் தலைகீழாக்க வேண்டும்: ஒளி வந்தால் பலகை காலி, வராவிட்டால் கிரேட். கிரேட்டின் சுவர் முழுதும் ஓட்டைதான். ஆனால் உள்ளே காய் நிறைந்திருப்பதால் ஒளி மறுபுறம் போவதில்லை. இப்போது 20 மில்லி ஆம்பியர் துடிப்பே போதுமாக இருக்கிறது, எல்.இ.டி.யின் பங்கு 8 மைக்ரோ ஆம்பியர். விழித்திருக்கும் சில நூறு மைக்ரோ வினாடிக்குச் சில்லு எடுப்பது அதைப்போல இருமடங்கு. உறக்கத்தில் எடுப்பதையும் சேர்த்தால் மொத்தம் 30 மைக்ரோ ஆம்பியர் அளவில் நிற்கிறது. இனி எல்.இ.டி.யைக் குடைந்து பயனில்லை.

சென்ற பருவத்தில் மிச்சம் பிடிப்பதற்காகப் பெட்டியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். மாமா சாப்பிடப் போகும்போது அக்கறையாக அணைப்பார். திரும்பி வந்து போட மறப்பார். ஒருநாள் பதினான்கு கிரேட் அப்படிக் கணக்கில் ஏறாமலே வண்டியேறின. இந்த ஆண்டு சுவிட்சைக் கழற்றிவிட்டு, அது இருந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன்.