லெந்து நாட்களில் எழுதியது

மார்ச் 5, புதன்

சாம்பற் புதன், லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாள். கோயிலுக்குப் போகவில்லை. படுக்கையில் இருக்கும் அத்தைக்கு, என் மாமியாருக்கு, 6 மணிக்குக் கஞ்சி, 8 மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அதற்குள் பள்ளிக்கூடம். இந்த நாற்பது நாளும் ஏதாவது எழுதுவது என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். இறைச்சியை விடுவது எனக்கு எப்போதும் சுலபம்தான். இது சுலபமாக இருக்காது.

மார்ச் 7, வெள்ளி

இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. காற்று மெத்தையின் மோட்டார் நின்றதுமே விழித்துவிட்டேன். இப்போதெல்லாம் சத்தம் கேட்டு விழிப்பதில்லை, சத்தம் நின்றால்தான் விழிக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. நற்கருணை அப்பமும் ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா காலை ஒதுக்கி வழிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, அப்புறம் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரோடும் சேர்ந்து வாய் சொல்கிறது. நினைவினாலும் என்று வரும் இடத்தில் நின்றுவிடுகிறது. வாக்கில் ஒன்றும் செய்யவில்லை, கிரியையில் ஒன்றும் செய்யவில்லை. அத்தைக்கு இதுவரை ஒரு படுக்கைப்புண் கிடையாது, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸே ஆச்சரியப்பட்டார்கள். எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

மார்ச் 12, புதன்

நாத்தனார் போன். "நல்லா பாத்துக்கிடுங்க மைனி, எங்களுக்கு உங்கள விட்டா யாரு" என்று அழுதாள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு இரவு, மணி மூன்று இருக்கும். சளியை உறிஞ்சி எடுத்து, துணி மாற்றி, மறுபடியும் மாற்றி, கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, ஆண்டவரே போதும், இதை முடித்துவிடும் என்றேன். வாய்விட்டே சொன்னேன். அத்தை விழித்துத்தான் இருந்தார்கள். பேச்சு வராதே தவிர காது கேட்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

யாருக்காகச் சொன்னேன்? அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து இரங்கிச் சொன்னேனா, எனக்குத் தூக்கம் வேண்டும் என்று சொன்னேனா? முதலாவது என்றால் அது ஜெபம். இரண்டாவது என்றால் அது என்ன என்று எழுதவே கை வரவில்லை. ஒரு மாதமாக உள்ளே இறங்கிப் பார்க்கிறேன். ஒரு நாள் இரக்கம் என்று தெரிகிறது, மறுநாள் அதே இடத்தில் சுயநலம்தான் தெரிகிறது. திருக்குள்ள இருதயத்தை அறியத்தக்கவன் யார் என்று எரேமியா தீர்க்கதரிசி கேட்டது சும்மா இல்லை. பார்க்கிற கண்ணும் அதே இருதயத்துக்குள்தானே இருக்கிறது.

மார்ச் 15, சனி

நேற்று எழுதியதைப் படிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கத்தோலிக்கர். நான் விஷயத்தைச் சொல்லவில்லை, ராத்திரி படுக்கும்போது என்னையே விசாரித்து விசாரித்துத் தூக்கம் வருவதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வீட்டில் இரவில் ஆன்ம சோதனை செய்வார்களாம், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்தபடி. ஐந்து படிகள். "நீங்க நேரா பாவத்துக்குப் போயிருதீங்க டீச்சர். அது மூணாவதுதான் வரும். முதல்ல நன்றி, அப்புறம் வெளிச்சம் கேக்கணும்" என்றார்கள். கேட்காமலே உள்ளே இறங்கினால் இருட்டில் தடவுகிற மாதிரிதான் என்றார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். அந்த இஞ்ஞாசியாரே 1522-ல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்று தவித்து, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனாராம். அந்த மனிதர்தான் அப்புறம் நன்றியை முதலில் வைத்திருக்கிறார். இதை நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ பேப்பர் கட்டை எண்ணும்போதுகூட.

மார்ச் 20, வியாழன்

நன்றி: புண் இல்லை. கரண்ட் போகவில்லை. இன்று காலை வாய் துடைக்கும்போது அத்தை இடது கையால் என் விரலைப் பிடித்தார்கள். (வலது கைதான் வராது.) பிடித்தார்களா, தானாக மடங்கியதா தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

வெயில். ஒன்றும் எழுத இல்லை.

மார்ச் 26, புதன்

அத்தையின் வேதாகமத்தை எடுத்து அவர்களுக்கு வாசித்தேன். அட்டை பிய்ந்து பிளாஸ்திரி போட்டு ஒட்டியது. கல்யாணமாகி வந்த புதிதில் இதிலிருந்துதான் எனக்கு சங்கீதப் புத்தகத்தின் ஜெபப் பாட்டுகளை மனப்பாடம் பண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள், அரிசி களைந்துகொண்டே.

சங்கீதம் 139. கடைசிக்குப் போனதும் நின்றுவிட்டேன். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் 12.3.86 என்று எழுதியிருக்கிறது. கீழே சிவப்புக் கோடு, "வேதனை உண்டாக்கும் வழி" என்ற மூன்று வார்த்தைக்கு மட்டும்.

இவரிடம், என் கணவரிடம், கேட்டேன். அப்போது இவர் மூன்றாம் வகுப்பு. ஆச்சி படுக்கையில் இருந்தார்கள், வீட்டில் ஒரே பினாயில் வாசனை, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

மார்ச் 27, வியாழன்

அந்தத் தேதியை வைத்து நானாக ஒன்றைக் கட்டிவிடக் கூடாது. அது அத்தைக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

ஆனால் இதைக் கவனித்தேன். அந்த சங்கீதத்தின் முதல் வசனத்திலேயே நீர் என்னை ஆராய்ந்து அறிந்திருக்கிறீர் என்று வந்துவிடுகிறது. ஏற்கெனவே அறிந்தவரிடம்தான் கடைசியில் ஆராயும் என்று கேட்கிறார். அவருக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. நான் இத்தனை நாளும் ஏதோ கணக்கை நானே சரிபார்த்து முடித்து, அப்புறம் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க வேண்டும் என்பது போல ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அத்தைக்குக் கஞ்சி போகிற டியூப் அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்குள் அவர்கள் பட்ட பாடு. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல். ஜெபம் பண்ணவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் நற்கருணை எடுக்கவில்லை. மார்ச் மாதத்தில் எழுந்து போகாதது பயத்தில். இன்று எதனால் என்றே தெரியவில்லை, உட்கார்ந்து பழகிவிட்டது போல இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து 1 கொரிந்தியர் 11 முழுவதையும் வாசித்தேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாதபடி, நற்கருணையைப் புசிக்கிறவனைப் பற்றி அதில் வருகிறது. சிறுவயதிலிருந்து அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிலி. எங்கள் அப்பா நற்கருணைக்கு முந்தின ராத்திரி யாரிடமும் பேசமாட்டார்கள். ஆனால் அந்தக் கொரிந்து சபையில் நடந்தது என்ன? இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைத்தான் பவுல் கண்டிக்கிறார். அபாத்திரமாய் என்பது புசிக்கிற விதத்தைச் சொல்கிறது. அபாத்திரர் வரக்கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படி இருந்தால் யார் போவது? 28-ஆம் வசனமும் தன்னைத்தானே சோதித்தறிந்து, புசி என்றுதான் முடிகிறது. சோதித்துவிட்டு உட்கார்ந்திரு என்று இல்லை. இத்தனை வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தும் அந்தக் கடைசிச் சொல் என் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இதெல்லாம் எனக்கு வசதியாக நான் வாசித்துக்கொள்வதோ?

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று மணி. மறுபடியும் அதே மூன்று மணி. தரையில் உட்காரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தேன். பேதுரு ஞாபகம் வந்தது. கரி நெருப்புப் பக்கத்தில் மூன்று தரம் இயேசுவைத் தெரியாது என்று சொன்னவனிடம், இன்னொரு கரி நெருப்புப் பக்கத்தில் அவர் மூன்று தரம் கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா. மூன்றாம் தரம் அவன் துக்கப்படுகிறான். தன் இருதயத்தைத் திறந்து பார்த்து, ஆமாம், இதோ இருக்கிறது நேசம் என்று காட்ட அவனால் முடியவில்லை, முந்தி ஒரு தரம் அப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டான். "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்று அதை அவர் கையிலேயே விட்டுவிடுகிறான்.

நானும் சொல்லிப் பார்த்தேன். அந்த இரவில் நான் கேட்டது எதற்காக என்று நீர் அறிவீர். இரக்கம் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று நீர் அறிவீர். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தபிறகுதான் மன்னிப்பீர் என்று நான் இனி நினைக்கமாட்டேன்.

அழுதேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய், அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா அத்தை, மன்னிச்சிருங்க என்றேன். கண்ணை மூடித் திறந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

அத்தையின் தலைமாட்டில் ஓலைச் சிலுவை செருகினேன். மடிப்பு சரியாக வரவில்லை, அவர்கள் செய்தால் அச்சு மாதிரி இருக்கும்.

ஏப்ரல் 16, புதன்

சாயங்காலம் எங்கள் சபை ஐயர், போதகர், எங்கள் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். அத்தையால் விழுங்க முடியாதே என்று நான் வாசலிலேயே சொன்னேன். அதற்கு அவர், பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலேயே இதற்கு வழி இருக்கிறது அம்மா, வாயால் வாங்க முடியாத நோயாளியும் உண்மையாய் மனந்திரும்பி விசுவாசித்தால் ஆத்துமாவில் புசிக்கிறார் என்று 1662-லேயே எழுதியிருக்கிறார்கள் என்றார். பஞ்சில் ஒரு சொட்டு ரசத்தை நனைத்து அத்தையின் உதட்டில் தொட்டார். உதடு அசைந்தது.

அப்புறம் இவருக்குக் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தரையில், அதே கால்மாட்டில், முழங்காற்படியிட்டேன். கையை நீட்டினேன்.

ஏப்ரல் 19, சனி

அத்தைக்குக் காய்ச்சல், 101. நாளை ஈஸ்டர், அதிகாலை ஆராதனை 4 மணிக்கு. இவரைப் போகச் சொல்லியிருக்கிறேன். 2 மணிக் கஞ்சிக்கு அலாரம்.