இரண்டு விரூபாட்சர்கள்

காஞ்சிபுரத்துக்காரனுக்கு வெளியூர்க் கோயில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் அலட்சியம்தான். எனக்கும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கைலாசநாதர் கோயிலுக்கு ஓடுவோம். சுற்றுமதிலை ஒட்டி 58 சின்னச் சன்னதிகள். ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

போன மார்கழியில் அத்தைதான் ஆரம்பித்தாள். அத்தைக்கு 71 வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "சிறுத்தொண்டர் சண்டைக்குப் போன வாதாபி இன்னும் இருக்காமே, கூட்டிட்டுப் போறியாடா?" என்றாள். நரசிம்மவர்ம பல்லவனின் சேனைத்தலைவர் பரஞ்சோதி வாதாபியைத் துகளாக்கிவிட்டு வந்து, அப்புறம் சிவனடியார் தொண்டில் இறங்கிச் சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரியபுராணக் கதை. அந்த வாதாபிதான் இன்றைய பாதாமி. அவ்வளவு தூரம் போவதென்றால் ஹம்பியை விட முடியுமா? நான், என் மனைவி, அத்தை மூவரும் பெங்களூரில் ரயில் மாறி, ஒரு குளிர்ந்த காலையில் ஹொசபேட்டையில் இறங்கினோம்.

முதல் வேலையாக ஹம்பி விரூபாட்சர். ஒன்பது நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. உள்ளே நுழையும் இடத்தில் மூன்று தலை நந்தி ஒன்று. துங்கபத்திரையில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த கோயில் யானையிடம் அத்தை நெடுநேரம் தமிழில் பேசினாள். அதுவும் தலையாட்டிக் கேட்டது. இங்கே அம்மனுக்குப் பம்பை என்று பெயர். பம்பா தேவி தவமிருந்து சிவனை மணந்ததால் சுவாமிக்குப் பம்பாபதி என்றும் ஒரு பெயர் உண்டு. பக்கத்து ஹேமகூட மலையில்தான் மன்மதனை எரித்தார் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது திருக்குறுக்கையில் நடந்தது. அத்தையிடம் கேட்டதற்கு, "அவருக்கென்ன, எங்க வேணா எரிப்பார்" என்று முடித்துவிட்டாள்.

ரங்கமண்டபத்தின் விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. விஜயநகர அரசர்களின் குரு வித்யாரண்யரைப் பல்லக்கில் சுமந்து போகும் ஊர்வலம், அர்ஜுனன் மீனைக் குறிவைக்கும் காட்சி. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. கருவறைக்குப் பின்னால் ஒரு சின்ன இருட்டறை. அதன் சுவரில் உள்ள துளை வழியாக வெளிச்சம் வந்து, கோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. பள்ளியில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டுச் செய்தோமே, அதே கணக்குதான். ஆனால் அங்கே நின்றபோது பாடம் நினைவுக்கு வரவில்லை, கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஹம்பியில் பார்க்க இரண்டு நாள் போதாது. தாமரை மகால், யானைக் கொட்டாரம், மகாநவமி மேடை எல்லாம் ஆட்டோவில் சுற்றிப் பார்த்தோம், சரி. கல்தேர் உள்ள விட்டலர் கோயிலில்தான் கூட்டம் அதிகம். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் தேர் அது. ஆளாளுக்கு நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது தேர் இல்லை, கருடன் சன்னதி. தட்டினால் இசைக்கும் தூண்களை இப்போது தொட விடுவதில்லை. நல்லது, தட்டியே தேய்த்திருப்போம். அத்தை நேராகக் கருவறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். இருட்டும் வௌவால் நாற்றமும்தான். பெருமாள் பண்டரிபுரத்துக்கே திரும்பிவிட்டார் என்று பக்தர்கள் சொல்வதுண்டு. "வீட்டைப் பூட்டாமப் போயிட்டாரு" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு அவள் அங்கே எதையும் ரசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஹம்பி என்றால் இனி லட்சுமி நரசிம்மர்தான். 1528இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே கல்லில் செதுக்கியது. உட்கார்ந்த நிலையிலேயே உயரம் 6.7 மீட்டர். 1565இல் தலைக்கோட்டைப் போர் முடிந்து நகரம் சூறையாடப்பட்டபோது உடைத்தது என்கிறார்கள். மடியில் இருந்த தாயார் இல்லை. அதனால் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லுமாக அவர் உக்கிர நரசிம்மர் போலவே தெரிகிறார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், அவர் முதுகை அணைத்த தாயாரின் கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆள் போய், அணைப்பு மட்டும் மிச்சம். என் மனைவி அந்தக் கையைப் பார்த்துவிட்டு அன்று மாலைவரை சரியாகப் பேசவில்லை. பக்கத்திலேயே படவி லிங்கம். வாய்க்கால் தண்ணீர் எப்போதும் அடியில் நிற்க, மூன்று மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறார்.

மூன்றாம் நாள் காரில் பாதாமிக்குப் புறப்பட்டோம். வழியில் புடவைக்குப் பேர்போன இல்கல். தறிக்காரன் வீட்டுப் பிள்ளை இல்கலில் இறங்காமல் போவதா? உடலுக்குத் தனிப் பாவு (நெடுக்கு இழைகள்), முந்திக்குத் தனிப் பாவு. இரண்டையும் இழைக்கு இழை வளையமாகக் கோத்துச் சேர்க்கிறார்கள். கொண்டி என்று பெயராம். நம்மூரில் முந்தி சேர்ப்பதற்குப் பேட்னி என்போம். கடைக்காரரும் நானும் பாஷை தெரியாமலே அரைமணி நேரம் விரலால் பேசிக்கொண்டோம். மனைவி ஒரு புடவையோடு வெளியே வந்தாள். விலை பற்றி இங்கே வேண்டாம்.

பாதாமி சின்ன ஊர். செந்நிறப் பாறை இரண்டு பக்கமும் எழும்ப, நடுவே அகத்திய தீர்த்தம் என்ற ஏரி. வாதாபி என்ற அசுரனை அகத்தியர் தின்று, வயிற்றைத் தடவி "ஜீரணமாகக் கடவது" என்றாரே, அந்தக் கதையோடுதான் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பாறையைக் குடைந்த நான்கு குகைக் கோயில்கள். முதல் குகையின் வாசலிலேயே 18 கைகளோடு நடராசர், அருகில் ஒரு பிள்ளையார். திருச்செங்காட்டங்குடியில் இருக்கும் வாதாபி கணபதி இங்கிருந்து சிறுத்தொண்டர் கொண்டுபோனவர் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அத்தை இந்தப் பிள்ளையாரைப் பார்த்து, "உங்க அண்ணன் அங்க நல்லா இருக்காருப்பா" என்றாள். மூன்றாவது குகையில், ஆதிசேஷன் மேல் படுக்காமல் உட்கார்ந்திருக்கும் பெருமாள். அந்தக் குகையில் 578ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லன் பிறந்திருப்பானோ என்னவோ, அப்போதே இவர்கள் மலையைக் குடைந்து முடித்துவிட்டார்கள். என் காஞ்சிப் பெருமை முதலில் இறங்கியது இங்கேதான்.

குரங்குகளைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். இருந்தும் அத்தையின் சுருக்குப் பையை ஒன்று பறித்துக்கொண்டு தூண்மேல் ஏறிவிட்டது. உள்ளே விபூதியும் ஏலக்காயும்தான். அவிழ்த்து முகர்ந்து, முகமெல்லாம் வெள்ளையாகிப் பையை வீசிவிட்டுப் போனது. "ஒண்ணாவது பூசிக்கிச்சே" என்று அத்தை பையை எடுத்துக்கொண்டாள்.

மேலே படிகளில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தோம். கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கும் சத்தம் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. 642இல் பல்லவப்படை நுழைந்த ஊர் இது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு இங்கே ஒரு பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. வழிகாட்டி அது இருக்கும் திசையைக் காட்டினார். போய்ப் பார்க்கலாம் என்று நான் எழுந்தேன், அத்தை எழவில்லை. 'வாதாபி கொண்டான்' என்று நாற்பது வருஷம் வகுப்பில் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொடுத்தவள், "இங்கயாடா கொளுத்தினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மதியம் பனசங்கரி அம்மன். சிங்க வாகனத்தில் எட்டுக் கைகளோடு கரிய திருமேனி. பஞ்சத்தில் காய்கறிகளாலேயே உலகத்தைக் காப்பாற்றிய சாகம்பரி இவள்தான். வாசலில் அதற்குத் தகுந்த ஏற்பாடு: கூடையோடு உட்கார்ந்த கிராமத்துப் பெண்கள், "ஊட்டா மாட்ரி" என்று கூப்பிட்டுப் பரிமாறுகிறார்கள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, குட்டி மண்சட்டியில் கெட்டித் தயிர். பயணம் முழுக்க நாங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடு இது ஒன்றுதான். முன்பதிவு செய்திருந்த விடுதியில் போட்ட இட்லியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

மறுநாள் பட்டதகல். பட்டம் கட்டும் கல் என்று பொருள். சாளுக்கியர்கள் முடிசூடிய இடம். பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர். மலப்பிரபா ஆறு இந்த இடத்தில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, அதனால் புண்ணிய பூமி. ஒரே வளாகத்தில் வடநாட்டுச் சிகரமும் நம்மூர் விமானமுமாகக் கோயில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் விளக்கில்லை. புல் வெட்டி, கம்பி போட்டு, சுத்தமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக விரூபாட்சர் கோயில். வாசலில் நுழைந்ததும் எனக்கு நடை தடுமாறிவிட்டது. அதே சுற்றுமதில், மதிலை ஒட்டி அதே மாதிரிச் சின்னச் சன்னதிகள், நடுவில் படிப்படியாக உயரும் அதே விமானம். மணற்கல் மட்டும் கொஞ்சம் சிவப்பு. எந்த மூலையில் ஒளியலாம் என்று கண் தானாகத் தேடியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், இது நம்ம கைலாசநாதர்டா" என்றாள்.

காரணம் இருக்கிறது. வாதாபி விழுந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்ரமாதித்தன் பழி தீர்க்கக் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபியை எரித்தவனின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில் அப்போது புத்தம் புதிது. எதிரி குலத்தார் கட்டியது, உடைத்துப் போட்டிருக்கலாம். அவனோ கோயில் செல்வத்தைத் தொடாமல் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் கல்வெட்டாக அங்கேயே ஒரு தூணில் பொறித்துவிட்டுப் போனான். ஊர் திரும்பிய பிறகு, அந்த வெற்றியின் நினைவாக அவன் பட்டத்தரசி லோகமகாதேவி கட்டியதுதான் பட்டதகல் விரூபாட்சர் கோயில். காஞ்சியிலிருந்து சிற்பிகளையே அழைத்துப் போனான் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கட்டிய தலைமைச் சிற்பி குண்டன் என்பவரின் பெயர், அரசன் கொடுத்த பட்டங்களோடு கல்வெட்டில் இருக்கிறது. அரசியின் தங்கை திரைலோக்கிய மகாதேவி சும்மா இருப்பாளா? பக்கத்திலேயே மல்லிகார்ஜுனர் கோயிலைக் கட்டினாள். பின்னால் எல்லோராவில் மலையைக் குடைந்து கைலாசம் செய்தவர்களுக்கும் இந்த விரூபாட்சர்தான் முன்மாதிரி என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வளாகத்தில் இந்தக் கோயிலில் விளக்கு எரிந்தது. கருங்கல் நந்திக்கு யாரோ சிவப்புத் துணி சார்த்தியிருந்தார்கள். உள்ளே தூண்தூணாக ராமாயணமும் பாரதமும் ஓடுகின்றன. ஜடாயுவைப் பார்த்தேன், அம்புப் படுக்கையில் பீஷ்மரைப் பார்த்தேன். மற்றதெல்லாம் நினைவில்லை, கண் விளக்கின் பக்கமே போனது. பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சி என்றேன். "கஞ்சியா!" என்று முகம் மலர்ந்தார். அவர் கன்னடத்தில் சொன்னதை வழிகாட்டி உடைந்த தமிழில் சொன்னார்: "உங்க ஊரை ஜெயிச்சதுக்குக் கட்டின கோயில் இதுன்னு சொல்றார்."

அத்தை விடவில்லை. "எங்க ஊரைப் பார்த்துக் கட்டின கோயில்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

வழிகாட்டி சொன்னார். பூசாரி வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் சுவாமி மேலிருந்து ஒரு வில்வத்தை எடுத்துவந்து அத்தையின் கையில் தனியாக வைத்தார். அத்தை அதை அப்படியே சுருக்குப் பையில் விபூதியோடு போட்டுக்கொண்டாள். அப்புறம் சன்னதிக்கு எதிரே ஓரமாக உட்கார்ந்து, மார்கழி அல்லவா, காலையில் பாட விட்டுப்போன பாட்டைப் பாடி முடித்தாள். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் சத்தம் போடாமல் நின்று கேட்டார்கள்.

அன்று பிற்பகல் ஐஹொளெ. துர்க்கை கோயில் என்று பெயர்; துர்க்கைக்காகக் கட்டியதில்லை, பக்கத்தில் கோட்டை இருந்ததால் வந்த பெயர். மேகுடிக் குன்றின்மேல் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தியின் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பார்க்க ஏறினேன். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் பதுங்க வைத்த புலிகேசியின் புகழ் அதில் வருகிறது. எட்டு வருஷத்தில் நிலைமை தலைகீழாகப் போவது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அத்தை கால் வலி என்று காரிலேயே இருந்துவிட்டாள்.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். அந்தக் கன்னடக் கல்வெட்டு மண்டபத் தூணில் இருக்கிறது என்று படித்திருக்கிறேன், தேடிப் பார்த்ததில்லை. விளக்கு வைக்கும் நேரம், வெளிச்சம் குறைவு. கைபேசி விளக்கை அடித்துத் தேடினோம். எழுத்துகள் தெரிந்தன, வட்ட வட்டமாக, தேய்ந்துபோய். ஒளிந்து விளையாடும்போது எத்தனை முறை இந்த மண்டபத்தில் சாய்ந்து நின்றிருப்பேன்.

"ஒரு எழுத்தாவது படிக்க முடியுதா?" என்று கேட்டாள் மனைவி. முடியவில்லை. அத்தை சுருக்குப் பையை அவிழ்த்தாள். காய்ந்து விபூதி அப்பிப் போயிருந்த வில்வத்தை எடுத்துத் தூணின் அடியில் வைத்துவிட்டு, தீபாராதனைக்கு மணி அடிக்கவே உள்ளே போனாள்.