பிப் இருந்தது, நான்தான் தேடினேன்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்களுக்குத் தெரியும், பைத்தன் என்ற நிரல்மொழிப் பகுதியில், தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்கியூஎல் கூற்றுகளை நிரலுக்குள் பதித்து எழுத வேண்டும். பாடமாக்கினால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் ஓட்டிப் பார்க்காத நிரலில் கேர்சர் எதற்கு, கமிட் எங்கே வரும் என்பது மண்டையில் நிற்கவே இல்லை. சரி, செய்தே பார்ப்போம் என்று களுவாஞ்சிகுடி வீட்டிலிருந்த பழைய விண்டோஸ் மடிக்கணினியில் பைமைஎஸ்கியூஎல் நிறுவ உட்கார்ந்தேன். பைத்தனை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கும் தொகுதி அது.

இப்படியான தொகுதிகளைப் பைத்தனுக்குள் நிறுவித் தரும் கருவிதான் பிப். பிப் என்று அடித்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. பிப் தனியாக இறக்க வேண்டிய சாமான் என்று நினைத்து அம்மாவின் போன் டேட்டாவைக் கரைத்தேன். உண்மையில் 2014இல் வந்த 3.4ஆம் பதிப்பிலிருந்தே பைத்தனோடு பிப்பும் சேர்ந்தே வருகிறது. நிறுவும் முதல் திரையின் அடியில் பாத் என்றொரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் சரி அடையாளம் போடாமல் விட்டால் பிப் எங்கே கிடக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்ததும் பழையதை அழிக்காமல் புதிய பதிப்பு ஒன்றையும் அதன் மேலே நிறுவினேன். பெரிய பிழை அதுதான். இப்போது பிப் வேலை செய்தது, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றும் சொன்னது. பைத்தனோடு வரும் நிரல் எழுதும் சாளரமான ஐடிலைத் திறந்து இம்போர்ட் பண்ணினால் தொகுதியைக் காணவில்லை! திரும்ப நிறுவினேன், ஏற்கெனவே இருக்கிறது என்றது. திரும்ப ஓட்டினேன், இல்லை என்றது. இரண்டு நாள் இப்படியே போனது.

வந்தாறுமூலையில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணா வந்து ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, உன்ட கொம்பியூட்டர்ல எத்தின பைத்தன் கிடக்கு?"

கட்டளைச் சாளரத்தில் பி, வை என்ற இரண்டு எழுத்து, ஒரு இடைவெளி, சிறுகோடு, பூச்சியம். அவ்வளவுதான் அடித்தார். இரண்டு பைத்தன் வரிசையில் வந்தன. பிப் புதியதற்குள் போட்டுக்கொண்டிருந்தது, நான் திறந்த ஐடில் பழையது.

பிப்பைத் தனியாகக் கூப்பிடாதே, பைத்தன் வழியாகவே கூப்பிடு என்றார் அண்ணா. அதாவது பி-வை, சிறுகோட்டுடன் பதிப்பெண், சிறுகோட்டுடன் எம், பிறகு பிப், இன்ஸ்டோல், தொகுதியின் பெயர். எந்தப் பைத்தனைக் கூப்பிட்டோமோ அதற்குள்தான் விழும். உண்மையிலேயே பிப் இல்லாவிட்டால், பிப் இன்ஸ்டோல் வரும் இடத்தில் என்ஷுவர்பிப் என்று அடித்தால் அதுவே வரும். நான் அன்றைக்கே பழைய பைத்தனை அழித்துவிட்டேன்.

படுவான்கரையில் இருக்கும் கூட்டாளிக்கு வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடையாது. இன்ஸ்டோலுக்குப் பதில் டவுன்லோட் என்று கொடுத்து, கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், நோ-இன்டெக்ஸ், ஃபைன்ட்-லிங்க்ஸ் என்ற இரண்டு தெரிவுகளுடன் இணையம் இல்லாமலே அவனுக்குப் போட்டோம். பைமைஎஸ்கியூஎல் முழுக்கப் பைத்தனிலேயே எழுதப்பட்டது, அதனால் பிரச்சினை இல்லை. கணக்கீடுகளுக்கான நம்பை என்ற தொகுதி அப்படியில்லை. அவனுடைய பைத்தன் பதிப்புக்கும் விண்டோஸுக்கும் பொருந்தும் கோப்பைத்தான் இறக்க வேண்டும். எனக்குப் பொருந்தியதைக் கொண்டுபோய் வெறுங்கையோடு திரும்பினேன்.

எல்லாம் போட்ட பிறகும் இணைக்க முடியவில்லை என்று வந்தால் பிப்பைத் திட்டாதீர்கள். மைஎஸ்கியூஎல் சேர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதைப் பார்க்க அரை நாள் எடுத்தது.